அடித்தளப் படிப்புக்குப் பத்து வீடுகள்

மகள் கல்லூரியில் சேர்ந்த இரண்டாவது வாரம், சைக்ளோஸ்டைல் செய்த ஒரு தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். மை சில இடங்களில் ஊறிப் பரவியிருந்தது. முதலாண்டு பொருளாதாரம், வரலாறு, சமூகவியல் மாணவிகள் அனைவருக்கும் அடித்தளப் படிப்பு கட்டாயம் என்று தொடங்கியது. பம்பு கம்பெனியின் டிராயிங் ஆபீசில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவனுக்கு எந்தத் தாளையும் ஓரத்திலிருந்துதான் படிக்க வரும். வரைபடத்தில் முக்கியமான சங்கதி நடுவில் இருக்காது. கீழே, மூலையில், சின்ன எழுத்தில் இருக்கும்.

இதிலும் அப்படித்தான். வாரம் மூன்று வகுப்பு, ஒரு நூலைப் படித்துக் கட்டுரை என்பதெல்லாம் மேலே இருந்தன. களப்பணி ஏடு பற்றிக் கடைசியில் போட்டிருந்தார்கள். ஒரே ஊரில் பத்துக் குடும்பங்கள். அவை மாணவிக்கு உறவாக இருக்கக் கூடாது. மாணவி தனியாகச் சென்று வினாப்பட்டியலை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைவரைபடம் வேண்டும். ஏடு ஏற்கப்படாவிட்டால் தேர்வு எழுத முடியாது. தேர்வில் தேறாவிட்டால் இரண்டாம் ஆண்டு கிடையாது.

“இந்த மார்க் டிகிரி க்ளாசுக்குச் சேராதுங்கப்பா,” என்றாள். “ஆனா இது இல்லாம மேல போக முடியாது.”

“அஸ்திவாரத்துக்கு ஆரு மார்க் போடறாங்க, கண்ணு?” என்றேன். சிரிக்கட்டும் என்று சொன்னதுதான். அவள் சிரிக்கவில்லை.

யாருக்கு எந்த ஊர் என்று வகுப்பில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்களாம். இவளுக்கு விழுந்தது தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அவள் ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தாளில் ‘தனியாக’ என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அம்மா போய் அப்போது ஒன்பது மாதம் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, “நெஞ்சு அடைக்கற மாதிரி இருக்குதுங்க, டாக்டரைப் பாத்துப்போட்டு வந்தர்லாம், கூட வாரீங்களா?” என்று கேட்டாள். அவள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் சிங்காநல்லூரில் இருந்தார். எனக்கு அன்று ஒரு பம்பின் வரைபடம் முடிந்து, வார்ப்பதற்காகப் பவுண்டரிக்குப் போயாக வேண்டும். “நீ தனியாப் போய்ட்டு வா, என்ன இப்போ,” என்றேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சிங்காநல்லூர் பஸ் நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் அவள் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாளாம். தூங்குகிறாள் என்று நினைத்துக் கண்டக்டர், “அம்மணி, கடைசி ஸ்டாப்புங்க,” என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்.

மகளுக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா தனியாக டாக்டரிடம் போனாள் என்பது மட்டும்தான். அப்பா வேலைக்குப் போன பிறகு வலி வந்திருக்கும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். துக்கத்துக்கு வந்தவர்களிடம் அப்படித்தான் சொன்னாள். அவள் சொல்லும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மறுக்கவில்லை. அன்று மறுக்காததைப் பிறகு எந்த நாளில் மறுப்பது என்று தெரியாமல் போயிற்று.

அதிலிருந்து நான் அவளை எங்கும் தனியாக விட்டதில்லை. காலையில் எங்கள் வீடு இருக்கும் கணபதியிலிருந்து காந்திபுரம் வரை கூடவே போய்க் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். சாயங்காலம் அதே இடத்தில் நிற்பேன். “உங்கப்பா ட்யூட்டிக்கு வந்துட்டாருடி,” என்று அவளுடைய தோழி ஒருத்தி சொன்னது என் காதிலும் விழுந்தது. வீட்டுக்குள் வந்துவிட்டால் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருக்கும். ஏழு மணிக்கு அது நின்ற பிறகுதான் நாங்கள் பேசாமல் இருப்பது கேட்கும்.

“நான் போய்ட்டு வந்தர்றேன்,” என்றேன் மறுநாள்.

“நீங்க போனா அது உங்க களப்பணியாயிருமுங்கப்பா.”

“கேள்வி காலேஜோடது. பதில் ஊர்க்காரங்களோடது. நடுவுல ஆரு எழுதுனா என்ன?”

“நான்தான் எழுதணும்னு போட்டிருக்குதுங்களே.”

“அந்தப் பக்கம் காட்டுக்குள்ள ஆனை வருது. பேப்பர்லயே போட்டிருந்தான்.”

“உங்களைப் பாத்தா மட்டும் ஒதுங்கிப் போகுமாக்கும்?”

ஒன்பது மாதத்தில் அந்த வீட்டில் சொல்லப்பட்ட முதல் கேலி அது. நான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, முடியாது என்றால் முடியாது என்றேன். “சரிங்க,” என்றாள். ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு சொல் வராது. அவள் அம்மாவும் அப்படித்தான். பத்து வினாப்பட்டியலையும் கிளிப் போட்டு என் பையில் வைத்தாள்.

இரண்டு சனிக்கிழமை லீவு போட்டேன். முதல் வீட்டு வாசலில் ஒருவர் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, ஆரு வேணுமுங்க?”

“காலேஜிலிருந்து வாரனுங்க. வீட்டைப் பத்திக் கொஞ்சம் கேள்வி கேக்கோணும்.”

அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார். “காலேஜிலிருந்துங்களா?”

“எம் பொண்ணு படிக்குதுங்க. அதுக்குப் பதிலா நான் கணபதியிலிருந்து வந்தனுங்க.”

“அதுக்கென்னங்க, உக்காருங்க. பரீச்சையும் நீங்களே எழுதிப்போடுவீங்களாட்டம்.”

உள்ளே பார்த்து மோர் கொண்டுவரச் சொன்னார். ‘குடும்ப உறுப்பினர் எத்தனை பேர்’ என்று நான் தொடங்குவதற்குள் அவர் தொடங்கிவிட்டார்.

“கணபதியே சொந்த ஊருங்களா?”

“இல்லீங்க, அன்னூர்ப் பக்கமுங்க. எங்கப்பா காலத்துலயே இங்க வந்துட்டமுங்க.”

“அன்னூர்ல எந்தக் கூட்டமுங்க?”

எங்கள் பக்கத்தில் குலத்தைக் கூட்டம் என்பார்கள். அதைச் சொல்லிவிட்டால் பிறகு அந்நியராக உட்கார்ந்திருக்க முடியாது. சொன்னேன். அவர் கையிலிருந்த மட்டையைக் கீழே போட்டார்.

“எங்க அக்காளக் குடுத்தது அந்தக் கூட்டத்துலதானுங்க. அப்ப நீங்க எனக்கு மச்சான் முறை ஆவுதுங்க.”

‘ஆய்வாளருக்கு உறவா’ என்று அச்சடித்த கட்டத்தின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ‘இல்லை’ என்றுதான் எழுதினேன். மூன்றாவது வீட்டை முடிப்பதற்குள் அந்த ஊரில் எனக்கு ஒரு மச்சானும் இரண்டு பங்காளிகளும் ஆகியிருந்தார்கள். நாலாவது வீட்டில் மட்டும் கூட்டம் கேட்கவில்லை. அது தேங்காய் வியாபாரம் செய்யும் ஒரு பாய் வீடு. அவர் எதையும் கேட்காமல், “வாங்க மாமா,” என்று வாசலிலேயே முறை வைத்துவிட்டார். உறவு கூடாது என்ற விதியை எழுதியவர் இந்தப் பக்கத்துக்காரராக இருந்திருக்க முடியாது.

ஏழாவது வீட்டுக்கு இரண்டாவது சனிக்கிழமை போனேன். ஊர்க்கோடியில், வெங்காயக் காட்டை ஒட்டி இருந்தது. கணவன், மனைவி இரண்டு பேர்தான். ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். இருவரும் வாசலில் சாக்கை விரித்துச் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். கையை நிறுத்தாமல் பதில் சொன்னார்கள். ‘கடந்த மூன்று மாதங்களில் வீட்டுக்கு வந்து போன வெளியாட்கள்’ என்று ஒரு கேள்வி இருந்தது.

“ஆரும் வரலீங்க,” என்றார் அந்த அம்மாள். “பையன் ஒருக்கா வந்துட்டுப் போனான். பையனை வெளியாள்ல சேக்கலாமுங்களா?”

“சேக்க வேண்டாமுங்க.”

“அப்ப ஆருமில்லீங்க.”

‘இல்லை’ என்று எழுதினேன். எழுதி முடிக்கும் வரை காத்திருந்து அந்த அம்மாள் கேட்டார்: “பொண்ணு வராம நீங்க ஏனுங்க வந்தீங்க?”

“தனியா அனுப்பப் பயமுங்க.”

“நீங்க கூட வந்திருந்தா அது எங்கீங்க தனியா ஆவுது? ஊட்ல அம்மணி ஒண்ணும் சொல்லலீங்களா?”

“அவங்க இல்லீங்க,” என்றேன்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். யாரும் மேலே கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். செவ்வாய்க்கிழமை, நெஞ்சு அடைக்கிறது என்றது, கூட வரச் சொன்னது, பவுண்டரிக்குப் போக வேண்டிய வரைபடம், சட்டைப் பொத்தான், கடைசி ஸ்டாப். மகளுக்கு இது தெரியாது என்பதையும் சொன்னேன். வாழ்க்கையில் அதற்கு முன் பார்த்திராத இரண்டு பேரிடம், மடியில் வினாப்பட்டியலை வைத்துக்கொண்டு. அந்த அம்மாளின் கை நின்றுவிட்டது. அவர் கணவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, “இந்தத் தடவை வெங்காயம் ரொம்பக் காரமுங்க. எங்களுக்கே கண்ணுல நிக்க மாட்டேங்குது,” என்றார். துடைத்துக்கொள்ள எனக்கு அவர் தந்த அவகாசம் அது.

“மொதல்ல சாப்புடுங்க,” என்றார் அம்மாள். அரிசிம்பருப்புச் சோறு. சாப்பிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர்கள் எடுக்கவில்லை. கிளம்பும்போது, “பொண்ணை ஒருக்கா கூட்டிட்டு வாங்க,” என்று மட்டும் சொன்னார்கள். மீதி மூன்று வீடுகளையும் எப்படி முடித்தேன் என்று நினைவில்லை.

பதில்களை மகள் தன் கையால் ஏட்டில் எழுதினாள். வரைபடம் மட்டும் அவளுக்கு வராது. நான் போட்டுத் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். சும்மா ஒரு கட்டம் போட்டு வாசலைக் காட்டியிருந்தால் போதும். ஆனால் பேனாவை எடுத்தால் கை தன் பழக்கத்துக்குத்தான் போகும். சுவருக்குக் கனம் காட்டினேன். செங்கல் சுவருக்குச் சாய்கோடு அடித்தேன். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கால்வட்டம் போட்டேன். வடதிசை அம்பு, அளவு விகிதம், ஓரத்தில் சிறு கட்டத்துக்குள் தலைப்பு. பத்து வீடும் அப்படியே. மனைவி போன பிறகு நான் மனம் ஒன்றிச் செய்த முதல் வேலை அது.

ஏட்டைக் கொடுத்த நாலு நாளில் கல்லூரிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அடித்தளப் படிப்பை நடத்தும் அம்மையார் ஏட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். மகள் கதவோரம் நின்றாள்.

“சார், பி.ஏ. முதல் வருஷப் பொண்ணு செங்கல் சுவருக்கு நாற்பத்தஞ்சு டிகிரியில கோடு போட்டிருக்கு. எங்க ஸ்டாஃப் ரூமே கூடி நின்னு பாத்தது.”

நான் குனிந்து என் கோடுகளைப் பார்த்தேன்.

“உங்க பொண்ணு கேட்ட உடனே ஒத்துக்கிட்டா. அதனாலதான் கேன்சல் பண்ணாம வெச்சிருக்கேன். பத்து நாள் டைம். அதே ஊர், அதே பத்து வீடு. அவ மட்டும் போகணும். இல்லைன்னா இந்த வருஷம் பரீட்சை இல்லை, அடுத்த வருஷம் ஜூனியர்ஸோட உக்காரணும்.”

“பஸ் வரைக்கும் நான்...”

“பஸ்லயும் வேண்டாம் சார்.”

வெளியே வந்ததும் மகளிடம் மன்னிப்புக் கேட்பது போல் ஏதோ சொன்னேன். “படம் நல்லாத்தான் இருந்துச்சுங்கப்பா,” என்றாள். எனக்குத் தலைக்குள் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அதே பத்து வீடு என்றால் ஏழாவது வீடும் அதில் உண்டு.

போகாதே என்று சொன்னால் அவள் வருடம் போகும். நானே முன்னால் சொல்லிவிடலாம் என்றால், அதற்கு மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது வாயைத் திறந்தேன். “தண்ணி எடுத்துட்டயா, சாமி?” என்றுதான் வந்தது.

அவள் மூன்று நாள் போய் வந்தாள். முதல் நாள் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். பகலில் அந்த வீட்டில் தனியாக இருந்து எனக்குப் பழக்கமில்லை. சமையலறையில் அவள் அம்மா வைத்த வரிசையிலேயே டப்பாக்கள் இருந்தன. ஒன்றைத் திறந்தால் சீரகம், இன்னொன்றில் ஒன்றுமில்லை. கடிகாரத்தைப் பார்த்து, இந்நேரம் காந்திபுரம் தாண்டியிருப்பாள், இந்நேரம் இறங்கியிருப்பாள் என்று கணக்குப் போட்டேன். பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, “ஏனுங்க, உடம்புக்குச் சொகமில்லீங்களா?” என்றார். நல்லாருக்குதுங்க என்றேன். ஐந்தரைக்கு அவள் வந்தாள். செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, நாலு வீடு முடிந்தது என்றாள். அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் கையில் ஒரு மஞ்சள் பையோடு வந்தாள். மேசைமேல் வைத்தாள். சின்ன வெங்காயம், மூன்று படி இருக்கும்.

“ஏழாவது வீட்டுல குடுத்துவுட்டாங்க,” என்றாள்.

“என்ன சொன்னாங்க?”

“கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாங்க.”

வெங்காயத்தை எடுத்துப்போய்க் கூடையில் கொட்டினாள். அன்று இரவுச் சமையலுக்கு அதிலிருந்து எடுத்து அவள்தான் உரித்தாள். நான் பக்கத்தில் போகவில்லை.

ஏட்டைக் கொடுக்க வேண்டிய நாள் காலையில் அவள் குளிக்கப் போயிருந்தாள். ஏடு மேசைமேல் இருந்தது. வேண்டுமென்று வைத்தாளா, மறந்து வைத்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏழாவது வீட்டை எடுத்தேன். வரைபடம் கோணலாக இருந்தது. ஒரு பக்கச் சுவர் மறுபக்கத்தை விட நீளம். வாசலுக்கு வெளியே மூன்று புள்ளிகள் வைத்து ‘வெங்காயம் அறுக்கும் இடம்’ என்று எழுதியிருந்தாள். என் படத்தில் அந்த இடமே இல்லை. என் கோடு சுவரோடு முடிந்திருந்தது.

வந்து போன வெளியாட்கள் என்ற கேள்விக்கு நேரே கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தாள்.

‘ஒருவர். கணபதியிலிருந்து வந்தார். வயது ஐம்பது இருக்கலாம். மனைவி இறந்துவிட்டார். டாக்டரிடம் கூட வரச் சொல்லி மனைவி கேட்டபோது வேலை இருக்கிறது என்று தனியாக அனுப்பியதாகச் சொன்னார். மகளிடம் இதைச் சொல்லவில்லை என்றார். மதியம் இங்கே சாப்பிட்டார். அவர் போன பிறகு இரண்டு நாள் இந்த வீட்டில் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஏறும் வரை யாராவது கூடப் போயிருக்க வேண்டும் என்று வருத்தப்பட்டார்கள். திரும்ப வந்தால் கொடுக்க வெங்காயம் எடுத்து வைத்திருந்தார்கள்.’

அதற்குக் கீழே ‘ஆய்வாளருக்கு உறவா’ என்பதற்கு ‘இல்லை’ என்று இருந்தது. அது அந்த வீட்டைப் பற்றிய கேள்விதான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சொல்லின் மேல் கண் நின்றுவிட்டது. கடைசியில் ‘ஆய்வாளர் கருத்து’ என்று நாலு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். மற்ற ஒன்பது வீடுகளுக்கும் அதை நிரப்பியிருந்தாள். ஏழாவது வீட்டுக்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை. குளியலறைக் கதவுச் சத்தம் கேட்டது. ஏட்டை இருந்த இடத்தில், இருந்த கோணத்திலேயே வைத்தேன்.

ஏட்டை ஏற்றுக்கொண்டார்கள். தேர்வு நாளும் வந்தது.

அவள் இப்போது மேல்படிப்புக்காக வடக்கே இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிடுவாள். சாப்பிட்டீங்களா, என்ன சாப்பிட்டீங்க, வீட்டுக்கு யாராவது வந்தாங்களா என்று வரிசையாகக் கேட்பாள். நான் வரிசையாகப் பதில் சொல்வேன். வைத்த பிறகு, அந்த நாலு வரி இடத்தில் இப்போதாவது ஏதாவது எழுதுவாளா என்று யோசிப்பேன். கேட்டதில்லை.

அந்த முதலாண்டுத் தேர்வன்று காலை அவளே, “ஸ்டாப் வரைக்கும் வாங்கப்பா,” என்றாள். காந்திபுரம் வரை இல்லை. கணபதி ஸ்டாப் வரைக்கும். நின்றோம். அவள் ஹால் டிக்கெட்டைப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. அது வந்து நிற்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

“கண்ணு, அன்னைக்குக் காலையில உங்கம்மா எங்கிட்ட...”

“எழுதியாச்சுங்கப்பா,” என்றாள்.

குரலில் கோபம் இல்லை. வேறு என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பஸ் வந்தது. “வாரேனுங்கப்பா,” என்று ஏறிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பஸ்ஸோடு நாலடி நடந்தேன். சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாளா என்று மட்டும் பார்த்தேன். உட்கார்ந்திருந்தாள்.